வேட்பாளர் பட்டியலில் நம்மவர் எத்தனை பேர்?



கட்சிகள் வேட்பாளர் பட்டியலை வெளியிடும் நாளன்று நம் மஹல்லாக்களில் ஒரு கேள்விதான் எழுகிறது: "நம்மவர் எத்தனை பேர்?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். சட்டமன்ற இடங்களோ 234. அவ்வாறெனில் 13 அல்லது 14 உறுப்பினர் நம் சமுதாயத்தினராக இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். அத்தனை பேர் இடம்பெறாதபோது மனம் வெதும்புகிறது. ஓதி முடித்துக் கல்லூரிக்குச் சென்ற நம் மாணவர்கள், "ஹஜ்ரத், நமக்கு இடம் தராதவர்களுக்கு நாம் எதற்காக வாக்களிக்க வேண்டும்?" என்று வினவுகின்றனர். அவ்வினாவில் நியாயமான வேதனை இருக்கிறது. ஆயினும் அதன் பின்னால் சில தவறான எண்ணங்களும் கலந்துள்ளன. அவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளாவிடில் வேதனை மட்டுமே மிஞ்சும், பயன் விளையாது.

சதவீதத்திற்கு ஏற்ப இடம் கிடைக்குமா?

நம் நாட்டில் வாக்கு விகிதத்திற்கு ஏற்ப இடங்கள் பகிரப்படுவதில்லை. ஒரு தொகுதியில் எவர் அதிக வாக்குப் பெறுகிறாரோ அவரே வென்றவர். ஆகவே எத்தனை பேர் இருக்கிறோம் என்பதுடன், எங்கே, எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 70 சதவீதம். நாமோ வாணியம்பாடி, ஆம்பூர், மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் எனப் பரவலாக வாழ்கிறோம். நெல்லைப் பேட்டையில் பிறந்த கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களே 1962, 1967, 1971 ஆகிய மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்துதான் வென்றார்கள்.

1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் கிடைத்திருந்தன. அம்முறை தொடர வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் வாதாடினார்கள். அது ஏற்கப்படவில்லை. சமயச் சிறுபான்மையினருக்கு இடங்களை ஒதுக்கும் ஏற்பாட்டையும் அச்சபை 1949இல் கைவிட்டது. இன்று பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே சட்டமன்றத்திலும் மக்களவையிலும் தனித் தொகுதிகள் உள்ளன.

"நமக்குத்தான் 3.5 சதவீத ஒதுக்கீடு உண்டே" என்று சிலர் கூறுவதுண்டு. 2007இல் கிடைத்த அந்த உள் ஒதுக்கீடு கல்விக்கும் அரசு வேலைவாய்ப்புக்கும் உரியது. சட்டமன்ற இடங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வேட்பாளரைத் தெரிவு செய்வது யார்?

கட்சித் தொண்டர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்யுமாறு எந்தச் சட்டமும் கட்சிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. விருப்ப மனு பெறுகிறார்கள், அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள், நேர்காணல் நடத்துகிறார்கள். ஆனால் அதற்கு இணையாகக் கூட்டணிக் கட்சிகளுடன் தொகுதிப் பங்கீடும் நடக்கிறது. பல்லாண்டு உழைத்தவரின் தொகுதி ஒரே இரவில் கூட்டணிக் கட்சிக்குப் போய்விடலாம். இறுதி முடிவு தலைமையின் கையில். கட்சித் தலைமையின் ஒப்புதலைக் காட்டும் ஏ, பி படிவங்கள் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரைச் சென்றடைய வேண்டும். எவர் பெயரில் அவை சேர்கின்றனவோ அவரே கட்சியின் வேட்பாளர்.

அந்த மேசையில் கேட்கப்படும் கேள்விகள் எளியவை. இவர் வெல்வாரா? மாவட்டச் செயலாளர் இவரை ஏற்கிறாரா? வாக்குச்சாவடிதோறும் இவருக்கு ஆள் உண்டா? பிற சமுதாயத்தினர் வாக்களிப்பார்களா? செலவைத் தாங்குவாரா? சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 40 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு. கட்சியின் பொதுவான செலவுக்கு வரம்பே இல்லை. பட்டியல் வெளியாகும் வாரத்தில் ஜமாஅத் நிர்வாகிகள் பொன்னாடையுடன் கட்சி அலுவலகம் சென்று கோரிக்கை மனு அளிக்கும்போது, இக்கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

வென்றவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

நம்மவர் ஒருவர் உள்ளே சென்றுவிட்டால் நம் குரலாகவே பேசுவார் என்பது மற்றோர் எண்ணம். 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, தம்மை நிறுத்திய கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். 2021இல் மனிதநேய மக்கள் கட்சியினர் பாபநாசத்திலும் மணப்பாறையிலும் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றனர். இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 2019லும் 2024லும் தனது ஏணிச் சின்னத்தில் வென்றது. வெற்றி என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் பிறிதொரு கட்சியின் சின்னத்தில் வென்றவர், அவையில் அக்கட்சியின் உறுப்பினராகவே கொள்ளப்படுவார். எத்தனை பேர் என்று கேட்கும் நாம், எந்தச் சின்னத்தில் என்றும் கேட்க வேண்டும்.

மேலும், அவர் நமக்கு மட்டும் உரியவர் அல்லர். பாபநாசமும் மணப்பாறையும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதிகள் அல்ல. அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவ மக்களின் வாக்கும் சேர்ந்ததே அவ்வெற்றி. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்றபோது, தம் குலத்தாருக்கு மட்டுமா தானியம் அளந்தார்கள்? பஞ்சத்தில் வாடிய அனைவருக்கும் அளந்தார்கள். பொறுப்பு என்பது அமானிதம். அதற்குத் தகுதியுடையோரிடம் அதனை ஒப்படைக்குமாறு மார்க்கம் நமக்குக் கட்டளையிடுகிறது. "நம்மவர்" என்பது மட்டுமே தகுதியாகிவிடாது.

மார்க்கத்தின் பெயரால் வாக்குக் கேட்பது சட்டப்படியும் முறைகேடாகும். வேட்பாளரின் மதம் மட்டுமன்று, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் இசைவுடன் பிறர் அவ்வாறு கேட்டாலும் அவரது வெற்றியே செல்லாமல் போகலாம். பள்ளிவாசலைப் பிரசார மேடையாக்குவதைத் தேர்தல் நடத்தை விதிகள் தடுக்கின்றன. மிம்பரில் நிற்போர் இதனை நினைவில் கொள்வது நலம்.

நம் கையில் இருப்பவை

பட்டியல் வருமுன் செய்யவேண்டியவை பல. 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது முதற்பணி. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கொருமுறை அப்பட்டியலைச் சரிபார்த்தால் தேர்தல் நாளன்று கண்ணீர் இராது.

அடுத்தது உள்ளாட்சி. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னமின்றி நடக்கின்றன. அங்கே ஏ, பி படிவம் தேவையில்லை. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் எல்லாச் சமுதாயத்தினருக்காகவும் ஐந்தாண்டு உழைத்த ஒரு சகோதரரை, ஒரு சகோதரியை, பிறகு எந்தக் கட்சியும் எளிதில் புறக்கணிக்க இயலாது.

மூன்றாவது, விசாரித்து வாக்களித்தல். ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரத்தில் தருகிறார். தேர்தல் ஆணைய இணையதளத்தில் எவரும் அதனைக் காணலாம். வழக்குள்ள ஒருவரைக் கட்சி நிறுத்தினால், வெற்றி வாய்ப்பை மட்டும் காரணமாகக் கூறக்கூடாது என 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. வாக்கு ஒரு சாட்சியம். சாட்சி சொல்வோர் விசாரிக்காமல் சொல்லலாகாது. தெரிந்ததை மறைக்கவும் கூடாது.

ஆகவே, "ஏன் வாக்களிக்க வேண்டும்?" என்று வினவும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: இடம் குறைவு என்பது உண்மை; அதனைக் கேட்பதும் நம் உரிமை. ஆனால் வாக்குச்சாவடிக்குச் செல்லாதவரின் கோபம் எந்தக் கட்சியின் கணக்கிலும் ஏறுவதில்லை.

அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்போராகவும், நீதிக்குச் சாட்சி பகர்வோராகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.