ஒளிரும் பொட்டை நம்பும் முன்

மலேரியாவுக்குப் பிரைமகுயின் தொடங்கிய சில நாட்களில் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்து ஒருவர் வந்தால், ரத்தப் பரிசோதகர்களுக்குச் சட்டென்று தோன்றுவது ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. தாய்வழி வரும் இக்குறை பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்கும்.

முதலில் லீஷ்மன் சாயமிட்ட ஸ்லைடு. வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் சிலவற்றின் ஓரம் கடித்தெடுத்ததுபோல் இருக்கும். அது மண்ணீரலின் வேலை. உள்ளே இருந்த ஹைன்ஸ் துணுக்குகளைப் பிடுங்கியெடுத்த தடம். அந்தத் துணுக்குகளைக் காண லீஷ்மன் உதவாது. புது ரத்தத்தில் மெத்தில் வயலட் கலந்து சற்று வைத்திருந்தால், அணுவின் விளிம்பையொட்டி ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்து திரண்ட ஹீமோகுளோபின்தான் அது.

இந்தச் சிதைவைத் தடுப்பது குளுட்டாதயோன். செலவான குளுட்டாதயோனை மீட்க என்ஏடிபிஹெச் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு அதற்கு ஜி6பிடி நொதியைத்தான் நம்பியிருக்கிறது.

1950-களில் அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில், கைதிகளிடம் பிரைமகுயினைச் சோதித்தபோதுதான் இந்தக் குறைபாடு வெளிப்பட்டது. கைதிகளை வைத்து நடந்த ஆய்வு என்பது அதன் மீதுள்ள கறை. மாத்திரைக்குச் சிதைந்தவை வயதான சிவப்பணுக்கள், இளையவை தப்பின. காரணம் நொதிக்குறைவு என்று 1956-இல் தெரிந்தது. உட்கரு இல்லாத சிவப்பணுவால் நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. பிறக்கும்போது கிடைத்ததும் நாளாக நாளாகக் குறைந்துவிடும்.

பரிசோதகரை ஏமாற்றுவதும் இதுவே. நொதியைச் சோதிக்க வடிதாளில் வைத்த ரத்தப் பொட்டு புற ஊதா விளக்கின் கீழ் ஒளிர்ந்தால் நொதி இருக்கிறது, ஒளிராவிட்டால் குறைவு. ஆனால் ரத்தச்சிதைவு முடிந்த கையோடு பார்த்தால், பழைய அணுக்கள் அழிந்து, எலும்பு மஜ்ஜை அனுப்பிய இளம் அணுக்களே ரத்தத்தில் நிறைந்திருக்கும். குறைபாடு உள்ளவரின் பொட்டும் ஒளிரக்கூடும்.

அதனால் அனுபவசாலிகள் ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்க்காமல் "இயல்பு" என்று எழுதுவதில்லை. எண்ணிக்கை கூடியிருந்தால், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்லி ரிப்போர்ட்டிலேயே குறிக்கிறார்கள்.

அந்த வரியைக் குடும்பத்தார் அலட்சியப்படுத்த வேண்டாம். குறைபாடு உறுதியானால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். பச்சைக்குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலினும் இந்த அணுக்களைச் சிதைக்கும்.