சூதாடாதவர்களுக்கு லாஸ் வேகாஸில் என்ன வேலை?



"சீட்டுக்கட்டைக் கண்டாலே பிடுங்கி வைப்பீர்களே டீச்சர், உங்களுக்கு லாஸ் வேகாஸில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மகளோடு மூன்று நாள் இருந்தேன். சூதில் ஒரு காசும் வைக்கவில்லை. ஆனாலும் நேரம் போதவில்லை.

பெல்லாஜியோ ஓட்டல் முன்னால் பாட்டுக்கு ஆடும் நீரூற்று, உள்ளே பெரிய பூந்தோட்டம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பழைய விளக்குப் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நியான் அருங்காட்சியகத்தை இருட்டிய பிறகு பாருங்கள். செந்நிறப் பாறைகள் நிறைந்த ரெட் ராக் கேன்யனுக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சூதாடும் கூடத்தைக் கடந்து போகலாம், அங்கே நிற்கக் கூடாது.

ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் ஹூவர் அணைக்குப் போங்கள். காரில் முக்கால் மணி நேரம். உயரம் 221 மீட்டர். நெவாடாவில் சூதாட்டத்தைச் சட்டம் அனுமதித்தது 1931-ல். அணை வேலை தொடங்கியதும் அதே ஆண்டுதான். சூதாட்டத்தால் வளர்ந்த ஊர் என்கிறார்கள். ஆனால் அது குடிக்கும் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்று நீர். அது இந்த அணை தேக்கிய மீட் ஏரியிலிருந்து வருகிறது.

ஏரிக்கரைப் பாறைகளில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். முன்பு தண்ணீர் நின்ற உயரம் அது. வீட்டுக்குள் புழங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி ஏரிக்கே அனுப்புகிறார்கள். புல்தரையை எடுத்துவிட்டால் வீட்டுக்காரருக்குப் பணம் தருகிறார்கள். பணத்தை வைத்து ஆடும் ஊர், தண்ணீரை மட்டும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது.

போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைப் பட்டையைக் காட்டி, ஏன் வந்தது என்று கேளுங்கள்.