கண்ணை மூடினா அந்த ஒரு கோல்தான் தெரியுது

1/
"அம்மா, இனிமே நான் கோலியா நிக்க மாட்டேன்."

போன வருஷம் பிப்ரவரி. வெளியே மைனஸ் 15 டிகிரி. கார் பின் சீட்டில் இருந்து என் 13 வயசு மகள் சொன்னது இது.

கொஞ்சம் நீளமான த்ரெட். விளையாடுற பிள்ளைங்க, பரீட்சை எழுதுற பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா பொறுமையா படிங்க.

2/
நாங்க இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். இங்கே ஐஸ் ஹாக்கி கோல் கீப்பரை "கோலி"ன்னுதான் கூப்பிடுவாங்க. (நம்ம விராட் இல்லை!)

அன்னைக்கு ஸ்கோர் 2-2. முடிய 40 நொடி. தூரத்தில் இருந்து ஒருத்தி மெதுவா தட்டின பக், இவள் ரெண்டு காலுக்கு நடுவில் புகுந்து போயிடுச்சு. மேட்ச் போச்சு. யாரும் திட்டலை. எல்லாரும் தட்டிக் கொடுத்தாங்க. அதுதான் அவளுக்கு இன்னும் வலிச்சது.

3/
"ஏன்டா கண்ணு, ஒரு கோலுக்கா?"

"கண்ணை மூடினா அந்தக் கோல்தான்மா வருது. பிராக்டிஸ்ல யார் அடிச்சாலும் கால் நடுவுல போற மாதிரியே தெரியுது."

எனக்குப் பதில் வரலை. விளையாட்டு உளவியலில் மனக்காட்சிப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. யாரும் சொல்லித் தராமலே என் பொண்ணு அதை தினமும் ராத்திரி செய்துட்டிருந்தா. தப்பான காட்சியை வச்சு.

4/
முதல்ல ஒரு கோலியோட கஷ்டம் என்னன்னு பார்ப்போம்.

கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பக் 3 அங்குல விட்டம் உள்ள கெட்டி ரப்பர் வட்டு, எடை சுமார் 160 கிராம். பெரிய லீக்குகளில் அது மணிக்கு 160 கி.மீ. வேகத்தையும் தாண்டும். அந்த வேகத்தில் ப்ளூ லைனில் இருந்து அடிச்சா கோலுக்கு வர அரை நொடி கூட ஆகாது. 6 மீட்டர் தூரத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தில் அடிச்சா சுமார் 0.22 நொடி.

5/
கண்ணால் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசைய ஆரம்பிக்கவே நமக்கு 0.2 முதல் 0.25 நொடி ஆகும். அதாவது கிட்ட இருந்து வரும் ஷாட்டை "பார்த்துட்டுப் பிடிக்க" உடம்பால் முடியாது.

அப்போ எப்படிப் பிடிக்கிறாங்க? அடிக்கிறதுக்கு முன்னாடியே படிச்சிடறாங்க. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், கோலிகளின் கண் அசைவை அளந்து பார்த்தார். தடுத்த ஷாட்களில், பக் கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்க பார்வை பக் மேலயும் ஸ்டிக் மேலயும் அசையாம நின்னிருந்தது.

6/
இந்த இடத்தில்தான் மனக்காட்சி வேலை செய்யுது.

ஒரு அசைவை கற்பனையில் செய்யும்போது, அதைத் திட்டமிடுற மூளைப் பகுதிகள் பலவும் நிஜமா செய்யும்போது இயங்குற மாதிரியே இயங்கும். கடைசி உத்தரவு மட்டும் தசைக்குப் போகாது.

1995-ல் வந்த பிரபலமான பியானோ ஆய்வில், 5 நாள் மனசுக்குள் மட்டுமே வாசித்தவர்கள், விரலால் வாசித்தவர்கள் 3-ம் நாள் எட்டின நிலைக்கு வந்தாங்க. கவனிங்க: 3-ம் நாள் நிலைக்குத்தான். நிஜப் பயிற்சிக்கு இது மாற்று இல்லை. அதோட சேர்த்துச் செய்யணும்.

7/
சரி, இதையெல்லாம் சொல்லி மகளிடம் "தினமும் 5 நிமிஷம் எல்லா ஷாட்டையும் நீ பிடிக்கிற மாதிரி நினைச்சுக்கோ"ன்னேன்.

ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, "பிடிக்கிற மாதிரி நினைக்க ஆரம்பிச்சாலே அது கால் நடுவுல போயிடுதும்மா"ன்னு அழுதா.

என் ஆலோசனை தோத்துப் போச்சு. ஒரு டாக்டர் அம்மாவுக்கு அது நல்ல அடி.

8/
ரெண்டு நாள் யோசிச்சேன். நான் மயக்க மருந்து மருத்துவர். சுவாசக் குழாய் போடுறது என் அன்றாட வேலை. ஊரில் பி.ஜி. படிச்ச காலத்தில் கேஸுக்கு முன்னாடி வெறும் கையை வச்சு ஒத்திகை பார்ப்பேன். இடது கையில் லாரிங்கோஸ்கோப், வலது கையில் டியூப்.

ஆனா அந்த ஒத்திகை "டியூப் உள்ளே போயிடுச்சு"ன்னு முடியாது. போகலைன்னா? உடனே மாஸ்க் வச்சு ஆக்சிஜன். அதுவும் ஏறலைன்னா? அடுத்த வழி. தோல்வியையும் சேர்த்துத்தான் ஒத்திகை பார்ப்போம். தோல்வியோட நிறுத்த மாட்டோம், அவ்வளவுதான்.

9/
என் மகளோட படம் கோல் விழுந்த இடத்தில் நின்னு போயிருந்தது. நான் அதை அழிக்கச் சொன்னேன். அழியாது. "நினைக்காதே"ன்னு சொல்ற விஷயம்தான் முதல்ல வந்து நிக்கும்.

அதனால அழிக்காம, நீட்டச் சொன்னேன். "கோல் விழட்டும். அப்புறம் நீ என்ன செய்வே? அதையும் பாரு."

10/
நாங்க செய்தது இவ்வளவுதான்:

• படுத்துக்கிட்டு இல்லை. பேட், க்ளவ், மாஸ்க் போட்டு, ஸ்டிக் பிடிச்சு ஹால்ல நின்னு.
• கேலரியில் இருந்து தன்னைப் பார்க்கிற மாதிரி இல்லை, தன் மாஸ்க் கம்பி வழியா பார்க்கிற மாதிரி.
• ஸ்லோ மோஷன் இல்லை, நிஜ வேகம்.
• ஸ்கேட் சத்தம், குளிர், மூச்சு எல்லாம் சேர்த்து.
• முதலில் அடிக்கிறவளோட ஸ்டிக், அப்புறம் பக்.
• கடைசியில் ஒரு கோல் விழும். தண்ணி குடிப்பா, ஒரு மூச்சு, திரும்ப நிப்பா. அடுத்த ஷாட்டோட முடியும்.

மொத்தம் 7 நிமிஷம்.

11/
அந்தத் தண்ணி ஐடியா முன்னாடி வாஷிங்டன் கேபிடல்ஸில் ஆடின பிரேடன் ஹோல்ட்பியைப் பார்த்து அவளே எடுத்துக்கிட்டது. பாட்டிலில் இருந்து தண்ணியைப் பீய்ச்சி, ஒரே ஒரு துளியைக் கண்ணால் துரத்துவார். 2018 ஸ்டான்லி கோப்பை ஜெயித்த அணியின் கோலி அவர்.

12/
டாக்டரா சில எச்சரிக்கைகள்:

சிலருக்கு மனசில் படமே வராது. இதுக்கு அஃபன்டேசியான்னு பேர், இது நோய் இல்லை. அவங்க உடம்பு உணர்வையோ வார்த்தைகளையோ பிடிச்சு ஒத்திகை பார்க்கலாம்.

பயமுறுத்துற காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து தூக்கம், சாப்பாடு கெட்டா, த்ரெட் படிக்காதீங்க, மருத்துவரைப் பாருங்க.

தலையில் அடிபட்டிருந்தா முதலில் சிகிச்சையும் ஓய்வும். மத்ததெல்லாம் அப்புறம்.

13/
முடிவு? 5 வாரம் கழிச்சு அவள் நின்ன மேட்ச்சில் டீம் 4-2-ன்னு தோத்துச்சு. மூணாவது கோல், அதே கால் நடுவுல.

கேலரியில் எனக்குக் கை நடுங்கிடுச்சு. அவள் பாட்டிலை எடுத்தா. பீய்ச்சினா. ஒரு நொடி மேலே பார்த்துட்டு, ஸ்டிக்கால் ரெண்டு போஸ்ட்டையும் தட்டிட்டு நின்னா. அடுத்து வந்தது நேருக்கு நேர் ஷாட். பிடிச்சா.

14/
கார்ல ஏறினதும் கேட்டேன், "அந்தக் கோல் விழுந்தப்போ என்னடா நினைச்சே?"

"ஒண்ணும் இல்லம்மா. இந்த இடம்தான் ஏற்கனவே பார்த்திருக்கேனே."

அப்புறம் பசிக்குதுன்னா. நான் வண்டியை எடுத்தேன்.