கல்லின் வலி, குடலின் வலி

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு வலி வந்து விழித்துக்கொண்டேன். வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. விட்டு விட்டு வரவில்லை, ஒரே பிடியாகப் பிடித்தது. பின்பக்கம் வலது தோள்பட்டை எலும்பு வரைக்கும் இழுத்தது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் நடந்தாலும் ஒன்றுதான். வாந்தி எடுத்தும் குறையவில்லை. நான்கு மணிக்கு மேல் தானாக விட்டது.

நேற்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. அத்தை தளிகை போட்டார்கள். மத்தியானம் இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல், இரவு எட்டு மணிக்கு மீதி இருந்ததில் ஒரு வடை. இனிப்பு ஒத்துக்கொள்ளாமல் வரும் டம்பிங் என்றுதான் என் கணவர் நினைத்தார். டம்பிங் எனக்குத் தெரியும். சாப்பிட்ட அரை மணிக்குள் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வயிற்றைக் கலக்கி மோஷன் போகும், படுத்தால் அடங்கும். நேற்று வந்தது சாப்பிட்டு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் கழித்து. வியர்வையும் இல்லை, வயிற்றைக் கலக்கவும் இல்லை.

எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் செய்துகொண்டது போன டிசம்பரில், கோவையில். 118 கிலோ இருந்தேன், இப்போது 77. காலையில் அங்கே போன் செய்தேன். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க மேடம். எப்ப வந்துச்சு, எந்த இடம், சீரான வலியா, விட்டு விட்டு வருதா, என்ன சாப்பிட்டீங்க, எப்ப போச்சு, கேஸ் பிரியுதா. ஆனா ஜுரம் வந்தா, நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுனா, ரத்த வாந்தி, கறுப்பா மோஷன், வலி விடவே இல்லன்னா, எழுதிட்டு இருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.” நாளை வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

2024 செப்டம்பர் 23, திங்கள்

பித்தப்பையில் கற்கள் இருக்கின்றன. சின்னச் சின்னதாக நிறைய, பெரியது 8 மில்லிமீட்டர். சுவர் தடிக்கவில்லை, பித்தக்குழாய் விரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் கணையமும் சரியாக இருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனில் ஒரு கல்கூட இல்லை.

சாயங்காலம் கோவை டாக்டர் போனில் விளக்கினார். வேகமாக இளைக்கும்போது உடம்புக் கொழுப்பில் இருக்கும் கொலஸ்ட்ரால் கரைந்து பித்தநீரில் வந்து சேர்கிறது. சாப்பாடும் எண்ணெயும் குறைந்துவிடுவதால் பித்தப்பை முன்போலச் சுருங்கிக் காலியாவதில்லை. தேங்கிய பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகிறது. இதைத் தடுக்கத்தான் அர்சோடியாக்ஸிகோலிக் மாத்திரை, 300 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். ஜூனில் அந்தக் கோர்ஸ் முடிந்தது. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆறு மாதம் தினம் 600 மில்லிகிராம் கொடுத்தபோது கல் வந்தது 100க்கு 2 பேருக்குத்தான். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 32 பேருக்கு வந்தது. நல்ல மருந்து. ஆனாலும் முழுக்கக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. நிறுத்திய பிறகும் என் எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

சனிக்கிழமை இரவு வந்தது கல் வலிதான் என்றார். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், வலது பக்கமோ நடு மேல்வயிற்றிலோ வந்து, அரை மணியிலிருந்து ஐந்தாறு மணி வரை ஒரே சீராக இருந்து விடுவது அதன் வழக்கம். அதற்கு மேலும் நீடித்து ஜுரமும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சி. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால் கல் பித்தக்குழாயில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

2024 செப்டம்பர் 25, புதன்

இன்று வந்தது வேறு வலி. பள்ளியில் மதிய இடைவேளை. பன்னீர் பொரியலும் நாலு வாய் தயிர்சாதமும் சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கமாகச் சுருட்டிப் பிடித்தது. முறுக்கும், விடும், மறுபடி முறுக்கும். நேராக முதுகுக்குப் போயிற்று, தோள் பக்கம் போகவில்லை. மேசைமேல் குனிந்து கவிழ்ந்தால் குறைந்தது, நிமிர்ந்தால் கூடியது. வயிறு உப்பி இருந்தது. ஆறாம் பீரியட் முடிவதற்குள் போய்விட்டது.

“கல்லுன்னு சொன்னீங்களே டீச்சர், அதாத்தான் இருக்கும்” என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொன்னார்கள். வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார்கள். அது சிறுநீரகக் கல்லுக்கு வீட்டில் சொல்லும் வைத்தியம். பித்தப்பைக் கல் வேறு இடத்தில் இருக்கிறது, இளைப்பதால் வருவது பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல். எவ்வளவு சிறுநீர் போனாலும் அது கரைந்து வராது. அக்கறையாகச் சொன்னதால் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

நோட்டில் சனிக்கிழமை பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இதை எழுதினேன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. அங்கே வலது, இங்கே இடது. அங்கே இரவு, சாப்பிட்டு வெகுநேரம் கழித்து. இங்கே பகல், சாப்பிட்ட கையோடு. அங்கே எப்படிப் படுத்தாலும் மாறவில்லை, இங்கே குனிந்தால் குறைகிறது.

2024 செப்டம்பர் 28, சனி

நேற்று இரவு அதே முறுக்கு வலி, புதன்கிழமையை விட இரண்டு மடங்கு. அவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டியூட்டி டாக்டர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். மேல்வயிற்று வலியோடு வரும் நாற்பது தாண்டியவர்களுக்கு இதயத்தை முதலில் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். பிறகு வலது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, “மூச்சை நல்லா இழுங்கம்மா” என்றார். தடையில்லாமல் இழுத்தேன். பித்தப்பை வீங்கியிருந்தால் விரல் பட்ட இடத்தில் வலித்து மூச்சு பாதியில் நின்றுவிடும். சிகாகோ சர்ஜன் ஜான் மர்ஃபியின் பெயரில் வழங்கும் பரிசோதனை அது. எனக்கு அங்கே வலிக்கவே இல்லை.

ஆனாலும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், “கல்லு இருக்கேம்மா, அதான் வலி” என்று முடித்துவிட்டார். டைக்ளோஃபெனாக் ஊசி எழுதினார். பைபாஸ் செய்தவள், அந்த வகை வலி மருந்து எனக்குக் கூடாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரும் என்று சொல்லி, ஆபரேஷன் விவரம் எழுதிய அட்டையைக் காட்டினேன். மறுக்காமல் பாராசிட்டமால் டிரிப்ஸுக்கு மாற்றினார். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன் பி1 விட்டமின் போட வேண்டும் என்றும் அட்டையில் இருக்கிறது. வாந்தியால் பி1 குறைந்திருக்கும்போது குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையையே பாதிக்கலாம். அதையும் படித்துப் போட்டார்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். விடிவதற்குள் வலியும் போய்விட்டது. பித்தப்பையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. நாளை இரவே கோவைக்குக் கிளம்புகிறோம்.

2024 செப்டம்பர் 30, திங்கள்

டாக்டர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத்தான் முதலில் படித்தார். “முதல் வலி கல்லோடது. அடுத்து வந்தது ரெண்டும் கல்லோடது இல்ல” என்றார்.

ஒரு தாளில் வரைந்து காட்டினார். பைபாஸில் வயிற்றின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலை மேலே தூக்கி அதோடு இணைக்கிறார்கள். அப்படித் தூக்கும்போது குடலைத் தாங்கும் சவ்வுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டாகிறது. 1900இல் ஜெர்மன் சர்ஜன் வால்தர் பீட்டர்சன் விவரித்த சந்து. எனக்கு அதைத் தைத்துத்தான் மூடியிருந்தார்கள். ஆனால் உடம்பு இளைக்கும்போது சவ்வுக்குள் இருக்கும் கொழுப்பும் குறைகிறது, தையல் தளர்ந்து சந்து மறுபடி திறக்கிறது. அதில் குடல் நழுவி உள்ளே போனால் வலி. தானே வெளியே வந்துவிட்டால் வலியும் போய்விடும், அப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நார்மலாகவே இருக்கும். நழுவிய குடல் மாட்டிக்கொண்டு முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கல் வலிக்குப் பெரும்பாலும் நாள் குறித்து ஆபரேஷன் செய்யலாம், இதற்கு அப்படிக் காத்திருக்க முடியாது.

இணைப்பில் புண் இருக்கிறதா என்று எண்டோஸ்கோபி செய்தார்கள். அந்தப் புண் எரிச்சலாக வலிக்கும், வெறும் வயிற்றிலும் வரும். பீடி சிகரெட், வலி மாத்திரை, எச். பைலோரி கிருமி எல்லாம் அதற்குக் காரணம். எனக்குப் புண் இல்லை. பிறகு கான்ட்ராஸ்ட் ஏற்றி சி.டி. எடுத்தார்கள். திரையில் ஓரிடத்தில் குடலின் ரத்தக்குழாய்கள் தலையில் இருக்கும் சுழி மாதிரி சுற்றியிருந்தன. டாக்டர் பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டு, “இதைத்தான் தேடினேன்” என்றார்.

2024 அக்டோபர் 2, புதன்

நாளைக் காலை லேப்ராஸ்கோப்பி. சந்தை மூடுவதும் பித்தப்பையை எடுப்பதும் ஒரே மயக்கத்தில். வலி கூடினால் இரவே ஆபரேஷனுக்கு எடுத்துவிடுவோம் என்று சொல்லி அட்மிட் செய்து வைத்திருக்கிறார்கள்.

“கல்லை மட்டும் எடுத்துட்டு பையை விட்டுட முடியாதா?” என்று அவர் கேட்டார். பையை விட்டால் மறுபடி கல் வரும் என்றார் டாக்டர். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் கற்கள்தான் வழுக்கி இறங்கிப் பித்தக்குழாயை அடைக்கும், கணையத்தையும் கெடுக்கும். மற்றவர்களுக்கு அப்படி இறங்கிய கல்லை வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடுவார்கள். எனக்குப் பாதை மாற்றப்பட்டிருப்பதால் வழக்கமான குழாய் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது, வயிற்றில் துளையிட்டு உள்ளே போக வேண்டியிருக்கும். அதனால் வலி கொடுத்த பித்தப்பையை எனக்கு வைத்திருக்கக் கூடாது.

அம்மா போனில் அழுதாள். “பித்தப்பை இல்லாம எப்படிடி செரிக்கும்?” பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து மட்டும் வைக்கிறது, இனிமேல் நேராகக் குடலுக்குப் போகும் என்று சொன்னேன். கொஞ்சம் சமாதானமானாள்.

2024 அக்டோபர் 5, சனி

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. சிறுகுடலில் ஒரு நீளம் அந்தச் சந்துக்குள் போயிருந்தது. நிறம் மாறவில்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, ஒரு அங்குலம்கூட வெட்ட வேண்டிவரவில்லை. வெளியே இழுத்துவிட்டு, கரையாத நூலால் சந்தைத் தைத்தார்களாம். பித்தப்பை தனியாக வந்தது. கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். வெளிர் மஞ்சள், சிலது உருண்டை, சிலது முகம் முகமாகத் தேய்ந்து பளபளக்கிறது. அத்தனையும் சேர்ந்து பாட்டிலின் அடியைக்கூட நிரப்பவில்லை.

நேற்று நடந்தேன். கேஸ் பிரிந்தது. இன்று காலை இட்லித் துண்டு ஒன்றைக் கூழாக மென்று இறக்கினேன். வலி வரவில்லை.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

சித்தி மகளுக்கு அடுத்த மாதம் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். பயந்து போய் போன் செய்தாள். அவளுக்கு எழுதி அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஸ்லீவில் குடலின் பாதையை மாற்றுவதில்லை, அதனால் எனக்கு நேர்ந்த சந்துப் பிரச்சினை அதில் வராது. கல் வருவதற்கு மட்டும் உனக்கும் வாய்ப்பு இருக்கிறது, மாத்திரை உண்டா என்று இப்போதே கேள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் ஜுரம், வேகமான நாடித்துடிப்பு, இடது தோளில் வலி வந்தால் அதைக் கல் என்றோ கேஸ் என்றோ நினைக்காதே. தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தலைவலிக்காகப் போனாலும், எடை குறைக்கும் ஆபரேஷன் ஆனவள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மருந்து கூடாது என்று எழுதிய அட்டை உன் பையிலும் ஒன்று, மாப்பிள்ளையின் பையிலும் ஒன்று இருக்கட்டும். வலி வந்தால் இடமும் நேரமும் எழுதி வை. ஸ்கேனில் கல் தெரிந்தாலும், உன் வலி கல் வலி மாதிரி இல்லையென்றால் அதோடு விட்டுவிடாதே. இன்னும் தேடச் சொல், உனக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அங்கே இருந்தே போன் போடு.