கண்டெடுத்தவரின் கடமை

மகளைத் தொலைத்த தாயொருத்தி தேடியலையும் மர்மக் கதையொன்றை என் இளைய மகள் ஒரே இரவில் படித்து முடித்தாள். "அத்தா, கடைசியில் மகள் கிடைத்துவிட்டாள்" என்று காலையில் மகிழ்ந்து கூறினாள். என் நெஞ்சமோ நாங்கள் வாழும் இந்த வடசென்னையில் நடந்த உண்மை நிகழ்ச்சியொன்றை எண்ணிக் கனத்தது.

1998இல் இங்குள்ள தெருவொன்றில், நம் சமுதாயத்து ஏழைத் தாயொருத்தியின் இரண்டு வயது மகள் கடத்தப்பட்டாள். பெற்றவள் ஆண்டுக்கணக்கில் தேடினாள். 2005இல் சென்னைப் போலீசார் குழந்தை கடத்துவோரைப் பிடித்து விசாரித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்னும் தத்து நிலையத்தின் வழியாக, 2000இலேயே அச்சிறுமி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திற்குத் தத்துப் பிள்ளையாகச் சென்றுவிட்டாள். மகள் இருக்குமிடம் தெரிந்தது. இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

மதரஸாவில் நான் ஓதிய ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் 'லகீத்' என்றொரு பாடம் உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் குழந்தையை எடுத்துக் காப்பது சமுதாயத்தின் கூட்டுக் கடமை. ஆயினும், எடுக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளல் வேண்டும். குழந்தையின் வமிசமும் சுதந்திரமும் அழிந்துவிடலாகாது என்பதே காரணம். அன்று நான் இதனை மனனம் செய்தேனேயன்றி உணரவில்லை.

உணர்த்தியவள் எழுத்தறியாத மீன்காரப் பெண்மணி ஒருத்தி. பல்லாண்டுகளுக்கு முன் காசிமேட்டு மீன் சந்தையில், அழுதுகொண்டு நின்ற சிறுமியொருத்தியைக் கண்டேன். இரக்கமிகுதியால், வீட்டிற்கு அழைத்துச் சென்று முதலில் பசியாற்றுவோம் என்று தூக்கினேன். "பாய், புள்ளைய இங்கிருந்து தூக்கினு போவாதீங்க. பெத்தவ தேடினு இங்கதான் வருவா" என்று அவள் தடுத்தாள். சுற்றியிருந்தோரையும் கூவியழைத்தாள். சற்று நேரத்தில் தாய் தலைவிரி கோலமாய் ஓடிவந்தாள். அவள் மகளை அணைத்துக் கதறியபோது நான் வெட்கித் தலைகுனிந்தேன். என் இரக்கம் அவளை எத்தனை தெருக்கள் அலைய வைத்திருக்கும்!

காணாமற்போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிந்து, கடத்தலெனக் கருதியே தேட வேண்டுமென 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1098 என்னும் தொலைபேசி எண் இரவும் பகலும் உதவுகிறது. தாய்மார்கள் இவற்றை அறிந்திருத்தல் நன்று. தனித்து நிற்கும் பிள்ளையைக் காணும் நாமும், நின்ற இடத்திலேயே நாலு பேரைச் சாட்சியாக அழைப்போமாக. பெற்றவள் அங்கேதான் தேடி வருவாள்.