ஓயாத காவல்

ஒருமுறை பூட்டிய கதவு என்றும் பூட்டியே இருக்குமென எண்ணுவது மனித இயல்பு. உயிர்க்கலத்தினுள்ளோ பூட்டுக்கும் ஓயாத காவல் வேண்டும்.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியைப் பார்ப்போம். அதன் டி.என்.ஏ. என்னும் பரம்பரை ஏட்டில், இடம்விட்டு இடம் தாவும் பகுதிகள் உள. இத்தகையவற்றைச் சோளத்திற் கண்டறிந்த பார்பரா மக்கிளின்ரொக் அம்மையார் 1983 இல் நோபல் பரிசு பெற்றார். இவை தாவி விழுமிடத்திற் பிற பரம்பரை அலகுகள் சிதையக்கூடும். ஆகவே, டி.என்.ஏ. இழையிலும் அதனைத் தாங்கும் புரதங்களிலும் மெதைல் எனும் நுண்குறிகளை இட்டுக் கலம் அவற்றை அடக்கி வைக்கிறது.

விந்தை இனித்தான். குறியுள்ள இடத்தை நாடி, தாவரங்களுக்கே உரிய நொதியமொன்று வருகிறது. அதன் பணியால் 24 எழுத்தளவே நீளமுள்ள ஆர்.என்.ஏ. துணுக்குகள் பிறக்கின்றன. அவை அதே இடத்தை இனங்காட்ட, குறி மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது. குறி அழிந்தாலோ, பல இடங்களிற் காவலர் போன்ற இத்துணுக்குகளும் அருகிவிடுகின்றன.

இதனை எண்ணுந்தோறும் எமது இல்லத்துப் பெரியோரை நினைக்கிறோம். ஒருநாள் சினத்தை அடக்கியதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை, நாள்தோறும் அடக்கினர். நாம் துய்த்த அமைதி தானாக வந்ததன்று. இளையோர் இதனை அறிதல் நன்று.