உம்மாவின் சொட்டு மருந்து

வீட்டில் யாராவது குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறார்களா? அப்படியென்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடுதல். காலையில் டிமொலோல், இரவில் லட்டனொப்ரொஸ்ட். 2022 நோன்பு மாதம் எங்கள் ரம்புக்கனையில் யாருக்கும் மறக்காது. பெற்றோல் வரிசை, ஏப்ரல் 19 துப்பாக்கிச் சூடு, அதோடு மருந்துத் தட்டுப்பாடு. கிளினிக்கில் இல்லாத மருந்தைக் கேகாலை, மாவனல்லை என்று பாமசி பாமசியாக ஏறியிறங்கி வாங்கி வந்தோம். பெருநாள் முடிந்து பார்த்தால் இரண்டு போத்தலும் திறக்காமலே இருக்கின்றன.

"தொண்டையில கசக்குது, நோன்பு முறிஞ்சிடுமோண்டு பயம். ராவைக்குப் போட்டா கண் சிவக்குது. போடாட்டியும் ஒண்டும் வித்தியாசம் தெரியல்லையே புள்ள" என்றார் உம்மா.

உம்மா சொன்ன அந்தக் கடைசி வசனம்தான் இந்த நோயின் முழுக் கதையும். சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது. பழுதான நரம்பு திரும்பி வராது. கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கும், அவ்வளவுதான். எரிச்சலும் கசப்பும் உடனே தெரியும். நன்மை கண்ணுக்குத் தெரியாது. அடுத்த பரிசோதனையில் உம்மாவின் வலக்கண் பார்வை ஓரத்தில் இன்னும் சுருங்கியிருந்தது. மருந்தை விட்டதுதான் காரணமா என்று டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிறகு கேட்டுப் படித்துக்கொண்டவை இவை. மூக்கை ஒட்டிய கண் மூலையில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதன் வழியாகத்தான் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. ஒரு சொட்டுப் போட்டதும் கண்ணை மூடி, அந்த மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கசப்பும் குறையும், மருந்தும் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஷாபிஈ மத்ஹபில் கண்ணுக்கு மருந்து விடுவதால் நோன்பு முறியாது. மனம் கேட்காவிட்டால், சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் என நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு டிமொலோல் ஆபத்தாகலாம். இதயத் துடிப்பையும் குறைக்கும். லட்டனொப்ரொஸ்ட் கண்ணைச் சிவக்க வைக்கும், இமை முடியை நீளமாக்கும், இமைத் தோலைக் கறுக்க வைக்கும். எது வந்தாலும் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு சொட்டு இருக்கிறது, லேசர் இருக்கிறது, சத்திரசிகிச்சையும் இருக்கிறது.

இது குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் பிள்ளைகள் நாங்களும் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டோம். இப்போது இஷாவுக்குப் பிறகு எங்களில் ஒருவர் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு நிமிடத்தை எண்ணுகிறோம்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் போத்தலையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் உம்மாவுக்கும் துஆ செய்யுங்கள்.